ஒரு பக்கம் பதிந்துபோகும் ஒஸ்ரின் 1100: குழாயைத் திருத்துங்கள், காரை அறுக்கவேண்டாம்

மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கொக்குவிலில் இருக்கும் தம்பி ஒருவரிடம் அவருடைய அப்பப்பாவின் 1967ஆம் ஆண்டு ஒஸ்ரின் 1100 நிற்கிறது. எஞ்சின் நல்லாக ஓடுகிறது. ஆனால் இடது பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து பதிந்துவிட்டது. ஒரு கராஜில் காட்டியிருக்கிறார். கீழே ஒழுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே உள்ளே இருக்கும் றப்பர் போய்விட்டது, இந்தத் தண்ணிச் சஸ்பென்ஷனை இனி ஒருவரும் திருத்தமாட்டார்கள், எல்லாவற்றையும் அறுத்தெடுத்துவிட்டு வான் ஒன்றின் ஸ்பிறிங்கைப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னார்களாம். "அண்ணை, செய்யலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. அறுத்தால் பிறகு திரும்பிப் போக வழியில்லை. அதோடு உங்கள் காரில் என்ன பிழை என்பதை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்.

"முன்னும் பின்னும் சேர்ந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காரில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு றப்பர்க் குடுவை இருக்கிறது. தனியாகச் சுருள் ஸ்பிறிங் இல்லை, சொக் அப்சோபரும் இல்லை. இரண்டின் வேலையையும் அந்தக் குடுவையே செய்கிறது. அதற்குள் திரவம் அமுக்கத்தில் இருக்கிறது. இடது முன் குடுவையையும் இடது பின் குடுவையையும் காருக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் ஒரு குழாய் இணைக்கிறது. வலது பக்கத்துக்கு வேறு குழாய், இரண்டுக்கும் தொடர்பில்லை. முன்சில்லு ஒரு திட்டியில் ஏறினால் அங்கே நெருக்கப்படும் திரவம் பின்னுக்கு ஓடி, பின்பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். அதனால்தான் இந்தக் கார் எங்கள் ஒழுங்கைகளிலும் தலையாட்டாமல் மட்டமாகப் போகும். அப்பப்பாவோடு சின்ன வயதில் போயிருந்தால் அந்த ஓட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டு குடுவைக்கும் ஒரே திரவம் என்பதால், இடது பக்கத்தில் எந்த இடத்தில் ஒழுகினாலும் முன்னும் பின்னும் சேர்ந்தே இறங்கும். ஒரு சில்லு மட்டும் இறங்கியிருந்தால் நான் திரவத்தைச் சந்தேகிக்கமாட்டேன், அந்தச் சில்லின் மூட்டுகளைத்தான் பார்ப்பேன். உங்களுடையது அப்படியல்ல. குடுவையின் றப்பர் கிழிந்து நான் கண்டது மிகக் குறைவு. கறள் தின்ற குழாயும், குழாய்க்கும் குடுவைக்கும் நடுவில் இருக்கும் வளையும் ஹோஸும்தான் திரும்பத் திரும்ப வருகிற வேலை.

ஸ்பிறிங் மாற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 1962 ஓகஸ்டில் மொறிஸ் 1100 என்றும், அடுத்த வருடம் ஒஸ்ரின் 1100 என்றும் வந்த கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எங்கள் ஊர் வளவுகளில் இன்றைக்கும் ஓடித்திரியும் மொறிஸ் மைனரும் அவருடைய வேலைதான். சஸ்பென்ஷன் அலெக்ஸ் மோல்ரன் என்ற பொறியியலாளருடையது. அதன் பெயர் ஹைட்ரோலாஸ்ரிக். இங்கிலாந்தில் 1974 வரை செய்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. அதில் ஒன்றுகூடச் சாதாரண ஸ்பிறிங்கோடு ஆலையை விட்டு வெளியே வரவில்லை. மினிக் காரில் வெறும் றப்பர்க் கூம்பு வைத்ததும் உண்டு, திரவக் குடுவை வைத்ததும் உண்டு, அதனால் மினியில் ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடலாம். 1100இல் அப்படி மாற்றிப்போட ஒரு பொருளே கிடையாது. வான் ஸ்பிறிங் போடுவதென்றால் அந்தப் பாரத்தைத் தாங்கவென்று செய்யப்படாத தகட்டில் ஒருவர் கண்மட்டத்துக்கு இருக்கை வைத்து வெல்டிங் பிடிக்கவேண்டும். அதிலே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுவோம். இணையத்தில் தேடினால் பிரெஞ்சுக்காரரின் சிட்ரோயன் கார்களைப் பற்றிய பாடங்கள் நிறைய வரும். அதிலே எஞ்சினால் சுற்றும் பம் ஒன்று உண்டு, பச்சை நிறக் கனிய எண்ணெய் ஓடும், அமுக்கமும் இதைப்போலப் பத்து மடங்கு. உங்கள் காரில் பம்மே இல்லை. ஆலையில் நிரப்பி மூடினால் மூடினதுதான், எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒன்றே. அந்தப் பச்சை எண்ணெயையோ வேறெந்த எண்ணெயையோ இதற்குள் ஊற்றினால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். அப்போது கராஜ்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

சரி, ஒழுக்கைக் கண்டுபிடிப்போம். கீழே ஒன்றும் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை. இந்தத் திரவம் எண்ணெய் அல்ல. தண்ணீரும் அற்ககோலும் ஏறத்தாழச் சரிபாதி. அதோடு கறள் பிடிக்காமல் காக்கும் மருந்து கொஞ்சம். எஞ்சின் ஓயில் ஒரு துளி விழுந்தால் சீமெந்துத் தரையில் மாதக்கணக்கில் கறை நிற்கும். இது யாழ்ப்பாண வெயிலில் பத்து மணிக்கு முன்னமே காய்ந்து போய்விடும். மத்தியானம் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எல்லாம் உலர்ந்துதான் இருக்கும். சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி பார்ப்பதும் இங்கே உதவாது, வெளியே வருவது காற்றல்லவே.

இப்படிச் செய்யுங்கள். பின்னேரம் காரை மட்டமான தரையில் விடுங்கள். இடது பக்கம் முழுக்க, முன்சில்லிலிருந்து பின்சில்லுக்கு அப்பால் வரை, பழைய பத்திரிகைத் தாளை ஒற்றையாக விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். காலையில் வெயில் ஏற முன்னமே போய்ப் பாருங்கள். ஈரம் இருந்தால் நல்லது. காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தாளைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்துக்குப் பாருங்கள். துளி விழுந்த இடத்தில் தாள் சுருங்கி, அப்பளம் பொங்கியது மாதிரிச் சின்ன வட்டமாக எழும்பி நிற்கும். நான் அநேகமான ஒழுக்குகளை இப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

அந்த வட்டத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணிவிடாதீர்கள். திரவம் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, பதிவான இடத்திலோ ஒரு கிளிப்பிலோதான் சொட்டும். அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் குழாயைத் துடைத்து உலர்த்தி, அரையடிக்கு ஒன்றாக மெல்லிய திசுத்தாளைச் சுற்றிவிடுங்கள். சில மணித்தியாலத்தில் எது நனைகிறதோ அதற்கு மேட்டுப்பக்கம் பாருங்கள்.

முதலில் கிளிப்புகளைப் பாருங்கள். குழாயைத் தரைத்தகட்டோடு பிடித்துவைத்திருக்கும் கிளிப்புக்குள் மண் போய் அடையும். வலிகாமத்துச் செம்மண் நனைந்தால் களிமாதிரி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பண்ணைப் பாலத்தால் வேலணைக்கோ பொன்னாலைப் பக்கத்தால் காரைநகருக்கோ போய்வருகிற கார் என்றால் அந்த மண்ணில் உப்பும் ஏறியிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த பொட்டலம் ஒன்று ஐம்பது வருடமாகக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து பார்த்தால் கறுப்புப் பூச்சோடு குழாய் புதிது மாதிரித் தெரியும். விரலை மேலே விட்டு, தரைத்தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் தடவிப் பாருங்கள். அங்கே பிஸ்கட் உதிர்கிற மாதிரிப் படை படையாக வரும். கை நுழையாத இடத்துக்கு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் ரோச் லைற்றும் போதும்.

குழாயில் கைவைக்க முன்னம் வால்வையும் சோதித்துவிடுங்கள், அது ஐந்து நிமிட வேலை. பின்பக்கம் இரண்டு பக்கமும், ரயர் வால்வு போலவே ஒவ்வொன்று இருக்கும். இடது வால்வின் மூடியைக் கழற்றி உள்ளே நன்றாக உலர்த்தி மூடிவிட்டு, அடுத்த நாள் திறந்து பாருங்கள். மூடிக்குள் ஈரம் என்றால், வால்வுக்குள் இருக்கும் சின்னக் கட்டையை மாற்றுவதோடு உங்கள் வேலை முடிந்தது.

குழாய்தான் என்று உறுதியானால், ஸ்பனரை எடுக்க முன்னம் அமுக்கத்தை இறக்கவேண்டும். ரயருக்கு 28 இறாத்தல் காற்று அடிப்போம். இந்தக் குழாய்க்குள் மாடலைப் பொறுத்து 200 முதல் 225 இறாத்தல் வரை இருக்கும், அதாவது ரயரைப்போல ஏழெட்டு மடங்கு. ஒழுகிய கார் என்றாலும் மிச்சம் இருக்கும் அமுக்கம் கண்ணைக் கெடுக்கப் போதும். கண்ணாடி போடுங்கள். வால்வில் ஒரு தெளிவான பிளாஸ்ரிக் குழாயைப் பொருத்தி மறு முனையைப் போத்தலுக்குள் விட்டு, கட்டையை மெல்ல அமுக்கி இறக்குங்கள். சட்டென்று கழற்றவேண்டாம். அமுக்கம் இறங்க இறங்கக் காரின் அந்தப் பக்கம் முழுவதும் கீழே வரும், ஆகவே அந்த நேரம் கீழே ஒருவரும் படுத்திருக்கக்கூடாது. இறங்கி முடிந்த பிறகு ஜக்கில் தூக்கி, ஸ்ராண்ட் வைத்து, கையால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போங்கள். ஸ்ராண்ட் இல்லையென்றால் சிலிப்பர் கட்டை அல்லது நல்ல வைரமேறிய பனங்குற்றி. சீமெந்துக் கல்லை அடுக்கிவைத்து அதை நம்பிக் கீழே போகவேகூடாது, அது சொல்லாமல் பிளக்கும்.

போத்தலில் பிடித்த திரவத்தை வளவுக்குள் ஊற்றவேண்டாம். அது நஞ்சு. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் மூடி வையுங்கள், சோடாப் போத்தலில் வைக்கவேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். அமுக்கம் முழுதாகப் போய்விட்டாலும் கார் றப்பர்த் தடுப்புகளில் இருந்துகொள்ளும். அப்படி இருக்கும்போது நல்ல வீதியில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஓட்டலாம் என்று காரோடு வந்த கைநூலிலேயே இருக்கிறது. ஆகவே பட்டறை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம், லொறியில் ஏற்றத் தேவையில்லை.

இனிக் குழாய். எனக்குப் பிடித்த வழி முழுக் குழாயையும் மாற்றுவது. ஒரு இடத்தில் உதிர்ந்த குழாய் அடுத்த கிளிப்பிலும் உதிரத்தான் காத்திருக்கும். பொருத்து இல்லாத உருக்குக் குழாயை, ஹைட்ரோலிக் வேலைக்கு விற்கிறதையே, அதே வெளி விட்டத்தில் வாங்குங்கள். கண்ணால் மதிக்கவேண்டாம், வேணியர் வைத்து அளவுங்கள். இது அங்குலக் கணக்கில் செய்த கார், மில்லிமீற்றர்க் குழாய் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருந்து பிறகு நட்டில் ஒழுகும். உள்விட்டமும் பழையதைவிடச் சிறுக்கக்கூடாது. குழாய் ஒடுங்கினால் திரவம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடச் சிரமப்பட்டு, கார் மாட்டுவண்டி மாதிரி உதறும். வளைவுகளுக்குப் பழைய குழாயைக் கழற்ற முன்னமே மேசன்மார் பாவிக்கும் கட்டுக்கம்பியை அதன்மேல் படியவைத்து வளைத்து மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது பழையது முறிந்துபோனாலும் மாதிரி கையில் இருக்கும். இரண்டு முனையிலும் உள்ள நட்டுகளைத் தூர எறியவேண்டாம். அவற்றின் புரி இன்றைய கடைகளில் கிடைக்கிற மெற்றிக் புரி அல்ல. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் தேய்த்தெடுத்தால் அநேகமாகத் திரும்பப் பாவிக்கலாம். முடியாமல் போனால் கடைசல் பட்டறையில் அதைக் காட்டிப் புதிதாகக் கடைந்தெடுக்கலாம், மாதிரி இருந்தால் அவர்களுக்கு அது பெரிய வேலையல்ல.

செம்புக் குழாய் போடலாமே என்று ஏசி வேலை செய்கிற பொடியன் யாராவது சொல்வான். வளைக்கச் சுகம், கையில் இருக்கிறது, ஒட்டவும் தெரியும். ஆனால் செம்பு அதிர அதிர இறுகி, முனை விரித்த இடத்தில் வெடிக்கும். வீட்டு ஏசியில் அது அசையாமல் இருக்கிறது, காரில் அப்படி இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வேறு சாமான்; அது கறளும் பிடிக்காது, அதிர்வையும் தாங்கும். இலண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அந்தக் குழாயையோ, பழைய கார்களுக்கென்று செய்து விற்கும் ஹோஸையோ பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லலாம். திரவத்தை மட்டும் அனுப்பச் சொல்லவேண்டாம், அற்ககோல் தீப்பற்றும், விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

முழுக் குழாய்க்கு இப்போது வழியில்லை, ஒரு இடத்தில்தான் கெட்டிருக்கிறது என்றால் துண்டு மாற்றலாம். கெட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பளபளப்பான, குழி விழாத உருக்கு வருமட்டும் பின்னுக்குப் போய் வெட்டவேண்டும். வெட்டுவது குழாய் வெட்டும் கருவியால், சுற்றிச் சுற்றி. வாளால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே போகும். குடுவைக்குள் ஆட்டத்தை அடக்குகிற சின்ன வால்வுகள் இருக்கின்றன, தூள் அங்கே போய் இருந்துகொண்டால் எடுக்கவே முடியாது. பிறகு இரண்டு முனையிலும் வளையம் கடித்துப் பிடிக்கும் உருக்கு இணைப்பைப் போட்டு, நடுவில் புதுக் குழாயோ, கம்பி பின்னிய ஹைட்ரோலிக் ஹோஸோ வைக்கலாம். பெக்கோவுக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஹோஸ் அடித்துக்கொடுக்கிற இடத்தில் இதைச் செய்விக்கலாம். அந்த ஹோஸ்கள் தாங்குகிற அமுக்கத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. துண்டைக் கட்டையாகவே வையுங்கள், நீண்ட ஹோஸ் அமுக்கத்தில் கொஞ்சம் உப்பும். வளையம் இறுகும் இடத்தில் குழாயில் ஒரு கறள்குழி இருந்தாலும் அது ஒழுகும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

செய்யக்கூடாதவற்றை என் பிழையிலிருந்தே சொல்கிறேன். இளம் வயதில் ஒரு 1100இல் கெட்ட இடத்தை வெட்டிவிட்டு, றேடியேற்றர் ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிளிப் போட்டு இறுக்கினேன். நின்ற இடத்தில் சொட்டும் வரவில்லை. சந்தோசத்தில் பருத்தித்துறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வல்லை வெளியில், நடு வெளியில், ஒரு கிடங்கில் முன்சில்லு விழுந்ததும் துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. கார் ஒரு பக்கம் அப்படியே இருந்துவிட்டது. நிற்கும்போது 200 இறாத்தல் என்றால், கிடங்கில் விழும் கணத்தில் அது எவ்வளவோ மேலே பாயும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. காற்று இரைய, உப்புவெளிக்கு நடுவே இறங்கிக் குனிந்து பார்த்தபோது கிளிப் நான்கும் இறுக்கம் குறையாமல் அப்படியே இருந்தன. ஹோஸ்தான் வழுக்கி வெளியே வந்திருந்தது. நெல்லியடி வரைக்கும் ஆமை வேகத்தில் போய்ச் சேர்ந்தேன். எப்பொக்சிப் பசை தடவுவதும் இதே கதைதான். காரிலே வைத்துப் பித்தளை ஒட்டுப் போடுவது அதைவிட மோசம்: குழாய்க்குள் அற்ககோல் ஆவி, அருகில் பெற்றோல் குழாய்.

பக்கத்தில் பிரேக் குழாயும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும் தம்பி, நீங்கள் கேட்டதைவிட இது முக்கியம். சஸ்பென்ஷன் குழாய் விட்டால் கார் பதியும், ஓடிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். பிரேக் குழாய் விட்டால் கார் நிற்காது. இன்றைய கார்களில் பிரேக் இரண்டு பிரிவாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். உங்கள் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே தொடர். எங்காவது ஊசித்துளை விழுந்தால் பெடல் தரையோடு போய்விடும், ஹான்ட் பிரேக் மட்டும் மிஞ்சும். அந்தக் குழாய் வெறும் 3/16 அங்குலம். சஸ்பென்ஷன் குழாயைவிட மெல்லியது, அதே வயது, அதே மண், அதே உப்பு. பெரிய குழாயைத் தின்ற கறள் சின்னதை விட்டுவைத்திருக்காது. கார் தூக்கி நிற்கும்போதே பின்னுக்குப் போகும் பிரேக் குழாயை முழுக்க மாற்றிவிடுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பிரேக் குழாயை முதலில் செய்யுங்கள், சஸ்பென்ஷன் அடுத்த மாதம் வரை பொறுக்கும். பின்சில்லுகளைத் தாங்கும் சட்டத்தையும் அது உடலோடு பூட்டியிருக்கும் மூலைகளையும் ஸ்குறூட்றைவர் முனையால் குத்திப் பாருங்கள். இந்த மாடலுக்கு அங்கே கறள் பிடிப்பது பேர்போன விசயம். முனை உள்ளே போனால் குழாய் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

திரவத்துக்கு வருவோம். பழைய ஆலைத் திரவம் இங்கே கிடைக்காது. எங்களுக்கு உறைபனி இல்லாதபடியால் அற்ககோலுக்குப் பெரிய தேவை இல்லை. தேவையானது கறள் காக்கும் மருந்துதான். நான் பாவிப்பது நல்ல றேடியேற்றர்க் கூலன்ற், கிளைக்கோல் சேர்ந்தது, பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீரில். அந்தத் தண்ணீரைப் பற்றறிக் கடையில் வாங்கலாம், ஆனால் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள், அதே இடத்தில் அதே மாதிரிப் போத்தலில் அசிட்டும் விற்கிறார்கள். பிரேக் ஓயிலும் வேண்டாம், எஞ்சின் ஓயிலும் வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் ஏன் கூடாது என்று யாராவது கேட்டால் உங்கள் வீட்டுக் கேத்திலின் உட்புறத்தைக் காட்டுங்கள். நானும் ஒருமுறை, அவசரத்தில், கோண்டாவிலில் ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் கலந்து விட்டேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், குடிக்க இனிமை. இரண்டு வருடத்துக்குப் பிறகு வேறு வேலைக்காக அந்தக் குழாயைத் திறந்தபோது உள்ளே வெள்ளைப் படிவு, அதன்மேல் தேயிலைச் சாயம் மாதிரிச் சேறு. கைவிரல் நுனியில் எடுத்து உரசினால் மண் மாதிரி நெருடியது. குழாய் உள்ளேயிருந்து கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே எவ்வளவு கிறீஸ் பூசி என்ன பயன்.

நிரப்புவதுதான் எல்லோரும் பயப்படுகிற கட்டம். முன்பு கம்பனிக் கராஜுகளில் இதற்கென்றே ஒரு யந்திரம் இருந்தது: ஒரு பக்கம் காற்றை உறிஞ்சும், மறு பக்கம் திரவத்தை அமுக்கும். அந்த யந்திரம் செய்ததை இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கிற சாமான்களை வைத்தே செய்யலாம். உறிஞ்சுவதற்கு ஏசி வேலைக்காரரின் வக்கூம் பம். அமுக்குவதற்குக் குழாய் வேலைக்காரர் புது வீட்டுத் தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கப் பாவிக்கும் கைப்பம். தண்ணீர் கலந்த திரவத்துக்கு அது நல்லாகவே பொருந்தும், கேஜும் அதிலேயே இருக்கிறது. இரண்டையும் வால்வோடு இணைக்க ரயர் வால்வுப் புரியில் ஒரு ஹோஸ்முனையும் மூடித் திறக்கும் வால்வு இரண்டும் வேண்டும்.

காற்றை எடுக்காமல் திரவத்தை மட்டும் அடித்தால் கார் உயரும், பார்க்கச் சரி மாதிரியும் இருக்கும். ஆனால் காற்று நெருங்கும், திரவம் நெருங்காது. காற்றுக்குமிழி உள்ளே இருக்கிற கார் ஊஞ்சல் மாதிரி ஆடும், முன்சில்லு விழுந்தது பின்சில்லுக்குத் தெரியாது. ஆகவே முதலில் வக்கூம் பம்மைப் பூட்டி, கேஜில் பாதரசக் கணக்கில் 27 அங்குலம் வரும்வரை உறிஞ்சுங்கள். பம்முக்கும் காருக்கும் இடையில் ஒரு தடித்த கண்ணாடிப் போத்தலைப் பொறியாக வைக்கவேண்டும். மிச்சமிருக்கும் திரவம் அதிலே விழும், இல்லையென்றால் பம்முக்குள் தண்ணீர் போய் ஏசிக்காரர் உங்களோடு கதைக்கமாட்டார். பம்மை நிறுத்தி வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் உங்கள் இணைப்புகள் சரி. இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது, திரவம் விட முன்னமே அதைத் தேடுங்கள். நின்றால் திரவப் பக்கத்து வால்வைத் திறந்துவிடுங்கள். வெற்றிடம் தானாகவே திரவத்தை உள்ளே இழுக்கும். இழுத்து முடிந்த பிறகு கைப்பம்மால் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். இடது பக்கம் சத்தமில்லாமல் எழும்பி வருவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

எவ்வளவு ஏற்றுவது? உங்கள் காரின் கைநூலில் உள்ள எண்ணைப் பிடியுங்கள், மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு. கேஜைவிட நான் நம்புவது உயரத்தை. பெற்றோல் உள்ள, ஆள் ஏறாத காரை மட்டமான தரையில் விட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட்டின் வளைவுவரை நான்கு இடத்திலும் அளந்து எழுதுங்கள். அளக்க முன்னம் காரை முன்னுக்கும் பின்னுக்கும் பத்தடி உருட்டி, நாலு மூலையையும் கையால் அமுக்கி விடவேண்டும். ஜக்கிலிருந்து இறங்கிய கார் ரயர் தரையில் பிடித்துக்கொண்டு உயரமாகவே நிற்கும், அந்த அளவை நம்பினால் பிழைத்துவிடும். வலது பக்கம் இவ்வளவு காலத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், ஆகவே இடதை வலதுக்குச் சமமாக்காமல் இரண்டையும் கைநூல் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

புதுக் குழாயைக் கிளிப்பில் பூட்டும்போது கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி வையுங்கள், பூட்டிய பிறகு கிறீஸ் பூசுங்கள். கழிவு ஓயிலைக் கீழெல்லாம் விசிறுகிற பழக்கம் இங்கே உண்டு. குழாய்க்கு அது நல்லது, றப்பர் ஹோஸில் பட்டால் கெடுதல். தீவுப்பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

வேலை முடிந்த அன்று இரவும் பத்திரிகைத் தாள் விரியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் தாளையும் பாருங்கள், உயரத்தையும் அளவுங்கள். மூன்றாம் நாளும் தாள் மட்டமாக, அளவு அசையாமல் இருந்தால் வால்வு மூடியை இறுக்கிவிட்டு, வலது பக்கத்துக் குழாயின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்குங்கள். அதுவும் 1967இல் பூட்டியதுதான்.